பங்க்குப் பலகையில் இன்னும் ஒரு வரி

பெட்ரோலில் எத்தனாலை, அதாவது கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் ஆல்கஹாலை, எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்பவர்களுக்கும், கலந்து ஊர் ஊராக அனுப்பிவைக்கும் எண்ணெய் நிறுவன அதிகாரிகளுக்கும், பெங்களூரு அல்சூரிலிருந்து வணக்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மென்பொருள் சோதனை என் வேலை. பழைய ரேடியோ, பழைய லேப்டாப், பழைய மிக்ஸி எது கையில் கிடைத்தாலும் திறந்து பார்த்துவிடுவேன். வீட்டில் அப்பா விட்டுப்போன வண்டி ஒன்று இருக்கிறது. 1998இல் வாங்கியது, 100 சிசி, நாலு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டி. தொழிற்சாலை ஷிஃப்டுக்கு அவர் இருபது வருஷம் போய்வந்தது அதில்தான். பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம், பசுமை வரி கட்டினோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். எல்லா விதிக்கும் கட்டுப்பட்டு ஓடுகிற வண்டி.

போன மழைக்காலத்தில் ஒரு காலை வண்டியை எடுக்கப் போனால், கீழே தரையில் பெட்ரோல் ஈரம். தள்ளிக்கொண்டே மெக்கானிக் பாய் கடைக்குப் போனேன். அப்பா காலத்திலிருந்தே அவர் கைதான் இந்த வண்டிக்கு. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தொட்டுப் பாருங்க தம்பி." மழையில் ஊறிய செருப்பு வார் மாதிரி இருந்தது. அழுத்தினால் பள்ளம் விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது. திரும்ப மாட்டிப் பார்த்தார். உப்பிப்போன ரப்பர் அந்தப் பித்தளை முனையில் பிடித்து நிற்கவில்லை. கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தவிட்டு நிறத்தில் பிசுக்கு. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் நுனி ரப்பரும் வீங்கியிருந்தது.

அப்போது பாய் கேட்டார்: "இப்ப பெட்ரோல்ல எவ்ளோ தம்பி கலக்கறாங்க? பத்தா, இருபதா? தெரிஞ்சா ஜெட்டை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சிடுவேன்."

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர்; அதில் பெட்ரோல் வரும் சின்னப் பித்தளை ஓட்டைதான் ஜெட். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இருபது என்று செய்தியில் படித்திருந்தேன். ஆனால் அன்றைக்கு டேங்கில் இருந்தது எவ்வளவு? நான் போடும் இரண்டு பங்க்கில் ஒன்றில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, இன்னொன்றில் அதுவும் இல்லை. பில்லில் பெட்ரோல் என்று மட்டும்தான் வருகிறது. அந்த ஹோஸ் எத்தனை வருஷப் பழசு என்பது எங்கள் இருவருக்குமே நினைவில்லை. எத்தனால் இல்லாவிட்டாலும் அது போயிருக்கலாம். அதற்காக யார்மேலும் பழி போட நான் எழுதவில்லை. முப்பது வருஷமாகக் கார்புரேட்டர் திறக்கும் ஒருவருக்கு, தான் எந்த எரிபொருளுக்காக வண்டியைச் சரி செய்கிறோம் என்பது தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒரு சோதனை செய்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, 100 மி.லி. அளவுக் குடுவை, அதில் முதலில் 20 மி.லி. தண்ணீர். தண்ணீரில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை, கோடு கண்ணுக்குத் தெரிவதற்காக. அதன்மேல் வண்டி டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோல் 80 மி.லி. மூடி, நன்றாகக் குலுக்கி, நிழலில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பெட்ரோல் தண்ணீரோடு சேராது. ஆனால் எத்தனால் பெட்ரோலைவிடத் தண்ணீரோடு அதிக ஒட்டுதல் உள்ளது. குலுக்கியதும் பெட்ரோலை விட்டுவிட்டுக் கீழே தண்ணீருக்கு இறங்கிவிடும். கால் மணி நேரத்தில் மேலே தெளிந்த பெட்ரோல், கீழே ஆரஞ்சுத் தண்ணீர் என்று பிரிந்து நின்றது. 20இல் இருந்த ஆரஞ்சுக் கோடு 35ஐ ஒட்டி வந்திருந்தது. 80 மி.லி. பெட்ரோலிலிருந்து 15 மி.லி.க்கு மேல் கீழே இறங்கியிருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட இருபது சதவீதம்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி, புது ஹோஸ், புது ஊசி, புது சீல் போட்டு வண்டியைக் கொடுத்தார். இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவன் மாடியில் குடுவையைக் குலுக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

எத்தனாலுக்கு நான் எதிரி இல்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு, கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் ஒரு பங்கை இங்கேயே எடுக்க நினைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். கரும்புக்கும் அரிசிக்கும் ஆகிற தண்ணீர்க் கணக்கு பெரிய விஷயம். அதை வேளாண்மை தெரிந்தவர்கள் பேசட்டும். எஞ்சின் பக்கமிருந்து பார்த்தால் எத்தனாலுக்கு ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்கும் திறன், அதிகம். நம் சாதாரணப் பெட்ரோலுக்கு அந்த எண் 91 என்றால், இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கு 95. அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினில் அது நல்ல எரிபொருள். புகையிலும் லாபம் உண்டு. 2021 ஜூனில் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் வழிகாட்டி அறிக்கை, வெறும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20இல் கார்பன் மோனாக்சைடு இருசக்கர வண்டிகளில் சுமார் 50 சதவீதமும் நான்கு சக்கர வண்டிகளில் சுமார் 30 சதவீதமும் குறைகிறது என்கிறது. சில்க் போர்டு சிக்னலில் தினமும் நிற்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகமும் பாராட்டத்தக்கதுதான். 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கிய திட்டம் இது. 10 சதவீதத்தை 2022 ஜூனில், குறித்த நாளுக்கு ஐந்து மாதம் முன்பே தொட்டீர்கள். இ20ஐப் பிரதமர் தொடங்கிவைத்தது 2023 பிப்ரவரி 6 அன்று, எங்கள் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான். முதலில் 84 பங்க்குகள். முன்பு 2030 என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-26க்கு இழுத்துக்கொண்டுவந்தது நீங்கள்தான்.

கலந்த வேகத்தில் சொல்லவும் செய்திருக்க வேண்டும். என் மனத்தாங்கல் அது ஒன்றுதான்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மென்பொருளில் எதை மாற்றினாலும், ஒரு பொத்தானின் இடத்தை மாற்றினால்கூட, ரிலீஸ் நோட் எழுத வேண்டும். என்ன மாறியது, யாரைப் பாதிக்கும், பழைய கருவியில் ஓடுமா, ஓடாவிட்டால் என்ன செய்யலாம். அது இல்லாமல் வெளியே விட எனக்கு அதிகாரம் கிடையாது. பதிப்பு எண்ணை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் அதை எங்கள் தொழிலில் பெரிய தப்பாகவே பார்ப்பார்கள். ஏனென்றால் நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் 10 இருக்கிறதே, 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப் புதிய பதிப்புக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தத் தேதி பல வருஷம் முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். அம்மாவின் பழைய லேப்டாப்பில் நான் அவகாசமாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, தமிழ்99 விசைப்பலகை வைத்துக் கொடுத்தேன். அவர் இன்றும் அதில்தான் பேரனோடு வீடியோவில் பேசுகிறார். தேதியும் தெரிந்தது, போக வேறு வழியும் இருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவனுக்குப் பெட்ரோலில் இந்த இரண்டுமே இல்லை.

சரி, எல்லா வண்டிக்கும் இது பிரச்சினையா? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லாததால்தான் ஊரில் பாதிப் பேர் பயந்துபோய் இருக்கிறார்கள், பாதிப் பேர் ஒன்றுமே இல்லை என்கிறார்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் தேவை சுமார் 13.5க்கு வந்துவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும், கார்புரேட்டருக்குப் பதில் மென்பொருள் சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சைலன்சர் பக்கம் ஒரு ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து புகையை முகர்ந்துகொண்டே இருக்கும். காற்று மிஞ்சுகிறது என்று தெரிந்தால் உள்ளே இருக்கும் மென்பொருள் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவிடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் ஹோஸ், சீல் எல்லாமே இ20ஐத் தாங்கும் பொருளில் வருகின்றன. அந்த வண்டிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கார்புரேட்டரில் சென்சாரும் இல்லை, மென்பொருளும் இல்லை. பித்தளையில் போட்ட ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அந்த ஓட்டை பெட்ரோலுக்கென்று அளந்து போட்டது. எத்தனால் கூடினால் கலவை லீனாகும், அதாவது காற்று மிஞ்சும்; காலையில் சோக் போட்டாலும் திணறும், எஞ்சின் சூடு கூடும். பழைய நைட்ரைல் ரப்பர் உப்பும். வண்டியை ரெண்டு மாதம் நிறுத்திவைத்தால் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டேங்கில் ஏற்கெனவே துரு இருந்தால் இன்னும் மோசம். இதையெல்லாம் சரி செய்ய முடியும். ஹோஸ், சீல், ஜெட், ஏர் ஸ்க்ரூ, அரை நாள் வேலை. பழைய வண்டிக்கு அந்த மென்பொருளின் வேலையைச் செய்வது பாய் மாதிரி ஆட்கள்தான். அவர்களுக்கு எண்ணைச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்பாவிடம் ஒரு சின்ன டைரி இருந்தது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று பென்சிலில் ஒரு வரி எழுதுவார். அவருக்குப் பிறகு நான் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் தொடர்கிறேன். பழைய விமான நிலையச் சாலை வழியாக மாரத்தஹள்ளிக்குத் தினமும் ஒரே பாதை, ஒரே ஆள். 2021இல் லிட்டருக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது, இப்போது 57. வண்டிக்கும் வயசாகிறது, நெரிசலும் கூடிவிட்டது. மூன்று கிலோமீட்டரும் எத்தனாலால் போனது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பங்கு அதனால்தான், அது வெறும் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. பத்து சதவீதத்திலிருந்து இருபதுக்குப் போனால் லிட்டருக்கு சுமார் மூன்றரை சதவீதம் சக்தி குறையும். வெறும் பெட்ரோலோடு பார்த்தால் ஏழு சதவீதத்தை ஒட்டி வரும். நிதி ஆயோக் அறிக்கையும் இதை மறைக்கவில்லை. பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று எழுதியிருக்கிறது. சக்தி குறைவதை ஈடுகட்ட இந்தப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

விலையை ஏன் குறைக்கவில்லை என்று நீங்கள் சொன்ன பதிலைப் படித்தேன். 2021இல் எத்தனால் மலிவு, இப்போது அப்படியில்லை, 2025 ஜூலை கடைசியில் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு என்றீர்கள். அது நியாயமான பதில்தான். விவசாயிக்குப் போகிற காசைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெங்களூரில் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிறது. மூன்றரை சதவீதம் என்றால் லிட்டருக்கு மூன்றரை ரூபாய். வாடகை ஸ்கூட்டரில் நாள் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களுக்கு அது கணக்கில் வரும் காசு. அந்த ஈடு வரியில் வரலாமா என்று நீங்களும் மாநிலங்களும் உட்கார்ந்து பேசலாம்.

பிரேசிலைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 2025 ஆகஸ்ட் 1 முதல் பெட்ரோலில் 30 சதவீதம். சரி. ஆனால் அதே பங்க்கில் பக்கத்திலேயே தனி எத்தனாலும் விற்கிறார்கள். 2003 முதல் இரண்டிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் வண்டிகள் வந்துவிட்டன. எத்தனால் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுபவர் மனக்கணக்குப் போட்டு எடுக்கிறார். ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலிருந்து பெட்ரோல் முனையில் ஒரு வட்டம், அதற்குள் இ5 அல்லது இ10 என்று எழுத்து. புது வண்டியின் டேங்க் மூடிப் பக்கத்திலும் அதே வட்டம். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோது, பழைய வண்டிகளுக்கு இ5ஐ விட்டுவைத்தார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி அடுத்த மூன்று மாதம், அப்படியே டி வரை, பக்கத்தில் வருஷம். அதற்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டும் என்று அர்த்தம். அம்மா ஆங்கிலம் படித்தவர் இல்லை. சிலிண்டர் வந்ததும் முந்தானையால் அந்தப் பட்டையைத் துடைத்து, எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையனைப் போகவிடுவார். ஒரு தடவை நாள் கடந்ததைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார். இதைச் செய்துவைத்தவர்களும் எண்ணெய் நிறுவனத்தார்தான். ஓர் எழுத்து, ஓர் எண், அதைக் கொண்டு எங்கள் அம்மாவால் ஒரு சிலிண்டரைத் தரம் பார்க்க முடிகிறது.

பங்க்கிலும் பாதி வேலை ஏற்கெனவே நடக்கிறது. காலையில் பெட்ரோலின் அடர்த்தியை அளந்து எழுதிவைக்கிறார்கள். கேட்டால் கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்ட வேண்டும், அளவு பார்க்க ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். இவை வாடிக்கையாளரின் உரிமை என்று நீங்களே வைத்த விதிகள். நல்ல விதிகள்.

அதனால் நான் கேட்பது இதுதான். அடர்த்தி எழுதும் பலகையில் அதற்குக் கீழே எத்தனால் சதவீதம் என்று ஒரு வரி, தினமும். அதே எண் பில்லிலும் வரட்டும்; பில் அச்சடிக்கிற மென்பொருளில் ஒரு வரி சேர்ப்பது எவ்வளவு சின்ன வேலை என்று அந்தத் தொழிலில் இருப்பவனாக எனக்குத் தெரியும். பெங்களூரு மாதிரி நகரத்தில் நான்கைந்து பங்க்கிலாவது, பழைய வண்டிகள் ஓடி முடிகிற வரைக்கும், ஒரு முனையில் இ10. கொஞ்சம் கூடுதல் விலை வைத்தாலும் வாங்குவோம். அப்புறம் மெக்கானிக்குகளுக்கு ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு. எந்த வருஷத்து வண்டிக்கு எந்த ஹோஸ், எந்த சீல், ஜெட்டை எந்தப் பக்கம் மாற்றுவது, வண்டியை நிறுத்திவைப்பதற்கு முன் என்ன செய்வது. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி எல்லாவற்றிலும் வேண்டும். ஜே.சி. ரோட்டில் உதிரி பாகம் விற்கும் கடைகளில் ஒட்டினாலே நகரம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் எல்லா மெக்கானிக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே வந்தாக வேண்டும்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கேட்டுப் போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. கொள்கை அரசின் கையில் இருக்கிறது. அதனால்தான் மனுவாக இல்லாமல் மடலாக எழுதுகிறேன். இருபதுக்கு மேலே இருபத்தேழு, முப்பது என்று பேச்சு அடிபடுகிறது. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த எண்ணுக்குப் போகும்போது ஆறு மாதம் முன்பே நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மெக்கானிக் குறிப்பைத் தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். பாயும் நானும் சேர்ந்து பாதி எழுதிவைத்திருக்கிறோம். எங்கள் வண்டியின் ஹோஸ் அளவும் சீல் அளவும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. கன்னடத்தில் பெயர்க்க ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அளவுகளைச் சரிபார்த்துத் தர உங்கள் பக்கமிருந்து ஒரு பொறியாளர் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு பழைய வண்டிக்காரன்